டெஸ்ட்டில் பாஸ் ஆன மாத்திரைக்குள் புற்றுநோய் வேதிப்பொருள்... ஆய்வகத்தின் கண்ணில் படாமல் போனது எப்படி?

வயிறு எரிகிறதா? நெஞ்சு கரிக்கிறதா? பல வீடுகளில் டாக்டரைக் கேட்காமலேயே எடுத்துப் போட்டுக்கொள்ளும் மாத்திரை ரானிடிடின். அந்த மாத்திரையில் என்.டி.எம்.ஏ என்ற வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தயாரிப்பாளர்கள் கண்காணிக்க வேண்டும் என 2025 ஜூலையில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு தலைமை இயக்குநர் அலுவலகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

என்.டி.எம்.ஏ என்பது மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள். அதை யாரும் மாத்திரையில் கலக்கவில்லை. அது போலி மருந்தும் இல்லை. முறையான லைசென்ஸ், முறையான தொழிற்சாலை, முறையான தரச் சோதனை எல்லாம் இருந்தும் அது உள்ளே வந்தது.

அப்படின்னா ஆய்வகத்தில் என்னதான் சோதிக்கிறாங்க? இந்தக் கேள்விக்குப் பதில் 2018-ல் உலகையே உலுக்கிய ஒரு ரத்த அழுத்த மாத்திரையில் இருந்து தொடங்குகிறது.

2018-ல் என்ன நடந்தது?

வால்சார்டன் என்பது ரத்த அழுத்தத்துக்கும் இதயச் செயலிழப்புக்கும் கொடுக்கப்படும் மருந்து. 2018 ஜூலை 5-ம் தேதி ஐரோப்பிய மருந்து முகமை ஒரு அறிவிப்பை வெளியிட்டது. சீனாவின் ஜெஜியாங் ஹுவாஹாய் நிறுவனம் தயாரித்த வால்சார்டன் மூல மருந்தில் என்.டி.எம்.ஏ இருக்கிறது என்பதுதான் செய்தி. அடுத்த சில நாட்களில் அமெரிக்காவிலும் மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டன.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மாத்திரை அட்டையில் அச்சாகும் கம்பெனி பெயர் வேறு, உள்ளே இருக்கும் மூல மருந்தைத் தயாரிக்கும் கம்பெனி வேறு. ஒரே தொழிற்சாலையின் பவுடர் பல நாடுகளுக்கும் பல பிராண்டுகளுக்கும் போகிறது. அதனால் ஒரு இடத்தில் நடந்த தவறு உலகம் முழுக்கப் பரவியது.

அதைவிட அதிர்ச்சியான தகவல் பிறகு வந்தது. அந்தத் தொழிற்சாலை 2012-ல் தயாரிப்பு முறையை மாற்றியபோதே இந்த மாசு உருவாகத் தொடங்கியிருக்கிறது. அதாவது சுமார் 6 ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை.

மாசு எங்கிருந்து வந்தது?

ஆய்வகத்தில் ஒரு மருந்து மூலக்கூறை உருவாக்குவது வீடு கட்டுவது மாதிரி. சின்னச் சின்ன மூலக்கூறுகளை ஒவ்வொரு கட்டமாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கரைப்பான், ஒரு வினையூக்கி, ஒரு வெப்பநிலை தேவைப்படும்.

வால்சார்டனில் ஒரு முக்கியமான பகுதி உண்டு. 4 நைட்ரஜன் அணுக்களும் 1 கார்பன் அணுவும் சேர்ந்த ஐங்கோண வளையம். இதற்கு டெட்ரசோல் என்று பெயர். மருந்து வேலை செய்வதில் இந்த வளையத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இதை உருவாக்க அசைடு வகை வேதிப்பொருள் வேண்டும்.

புதிய முறையில் அந்தத் தொழிற்சாலை சோடியம் அசைடையும் துத்தநாக குளோரைடையும் பயன்படுத்தியது. கரைப்பானாக டைமெத்தில் ஃபார்மமைடு, சுருக்கமாக டி.எம்.எஃப், சேர்க்கப்பட்டது. இந்த மாற்றத்தின் நோக்கம் விளைச்சலைக் கூட்டுவதும் செலவைக் குறைப்பதும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ தன் எச்சரிக்கைக் கடிதத்தில் குறிப்பிட்டது.

வினை முடிந்த பிறகு கொஞ்சம் அசைடு மிச்சம் இருக்கும். அது நச்சு, வெடிக்கும் ஆபத்தும் உண்டு. எனவே அதை அழிக்க சோடியம் நைட்ரைட்டையும் அமிலத்தையும் சேர்ப்பார்கள். இது வேதியியலில் வழக்கமான, நல்ல பாதுகாப்பு நடவடிக்கைதான்.

சிக்கல் இங்கதான். டி.எம்.எஃப் கரைப்பான் லேசாகச் சிதைந்தால் டைமெத்தில் அமீன் என்ற பொருள் வரும். நைட்ரைட்டும் அமிலமும் சேர்ந்தால் நைட்ரஸ் அமிலம் வரும். இந்த இரண்டும் சந்தித்தால் கிடைப்பது என்.டி.எம்.ஏ.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கட்டமும் சரி. சேர்த்துப் பார்க்கும்போதுதான் தவறு தெரிகிறது. அந்தச் சேர்க்கையை முன்கூட்டியே யாரும் யோசிக்கவில்லை. டி.எம்.எஃப் சிதைவில் இருந்து நச்சு மாசு உருவாகலாம் என்பதை நிறுவனம் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் எஃப்.டி.ஏ-வின் முக்கியக் குற்றச்சாட்டு.

இத்தனைக்கும் என்.டி.எம்.ஏ புதிய பொருள் இல்லை. அதை உணவில் கலந்து கொடுத்த எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்ததை 1956-லேயே பிரிட்டன் விஞ்ஞானிகள் மாகியும் பார்ன்ஸும் வெளியிட்டுவிட்டார்கள்.

தயாரித்தது சரியான மருந்துதான் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

குடுவையில் கிடைத்தது ஒரு வெள்ளைப் பவுடர். சர்க்கரையும் வெள்ளைதான், உப்பும் வெள்ளைதான். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் கரிம வேதியியல் ஆய்வகத்தில் பொதுவாக 3 கேள்விகள் கேட்கப்படும்.

முதல் கேள்வி: அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன? இதற்கு என்.எம்.ஆர் கருவி. பவுடரைக் கரைத்து வலுவான காந்தப் புலத்துக்குள் வைத்து ரேடியோ அலையைச் செலுத்துவார்கள். ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவும் தன் அக்கம்பக்கத்தைப் பொறுத்து வேறு வேறு சிக்னல் கொடுக்கும். ஆஸ்பத்திரியில் எடுக்கும் எம்.ஆர்.ஐ ஸ்கேனும் இதே அறிவியல்தான்.

இரண்டாவது கேள்வி: மூலக்கூறின் எடை என்ன? இதற்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். மூலக்கூறுக்கு மின்னூட்டம் கொடுத்து, அதன் நிறையைத் துல்லியமாக அளக்கும் கருவி இது.

மூன்றாவது கேள்வி: எவ்வளவு தூய்மை? இதற்கு குரோமடோகிராபி. கலவையை ஒரு குழாய் வழியாகச் செலுத்தினால் அதில் உள்ள பொருட்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்தில் வெளியே வரும. ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு முகடாகத் தெரியும். பெரிய முகடு மருந்து. சின்னச் சின்ன முகடுகள் மாசுகள்.

வால்சார்டன் பவுடர் இப்படிப்பட்ட வழக்கமான சோதனைகளைத் தாண்டித்தான் வந்தது. அது உண்மையிலேயே வால்சார்டன்தான். சோதனை பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிறகு எப்படித் தப்பியது?

இதைப் புரிந்துகொள்ள ஒரு அரிசி மண்டிக்குப் போகலாம். 25 கிலோ அரிசி மூட்டைகள் 40 அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. மொத்தம் 1 டன். இதை ஒரு மருந்து என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து மாசு குறித்த சர்வதேச வழிகாட்டுதலின்படி, தினமும் 2 கிராம் வரை எடுத்துக்கொள்ளும் மருந்துகளில், 0.10 சதவீதத்தைத் தாண்டும் மாசு என்ன பொருள் என்று பொதுவாகக் கண்டுபிடித்தாக வேண்டும். நம் மண்டிக் கணக்கில் இது 1 கிலோ. 0.05 சதவீதத்தைத் தாண்டினால் அறிக்கையில் குறிப்பிட வேண்டும். அதாவது அரை கிலோ.

திரும்பப் பெறப்பட்ட சில மாத்திரைகளில் எஃப்.டி.ஏ கண்ட என்.டி.எம்.ஏ 15 மைக்ரோகிராமுக்கும் மேல். 320 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இது மண்டிக் கணக்குக்குச் சுமார் 50 கிராம். ஒரு கைப்பிடி. அரை கிலோவைத் தாண்டினால்தான் சொல்ல வேண்டும் என்ற விதிக்கு இது மிகவும் கீழே.

ஆனா என்.டி.எம்.ஏ-வுக்கு எஃப்.டி.ஏ வைத்த பாதுகாப்பு வரம்பு என்ன தெரியுமா? ஒரு நாளைக்கு 96 நானோகிராம். மண்டிக் கணக்கில் 0.3 கிராம். 1 டன் அரிசியில் வெறும் 15 அரிசி அளவு. சில மாத்திரைகளில் இந்த வரம்பைப் போல 150 மடங்குக்கும் மேல் இருந்திருக்கிறது.

மிகக் குறைந்த அளவிலேயே ஆபத்தான மாசு என்றால் வழக்கமான வரம்பு பொருந்தாது, தனியாகத் தேட வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் தனியாகத் தேட வேண்டும் என்றால், அது உருவாகலாம் என்று முதலில் ஒருவருக்குத் தோன்ற வேண்டும். அங்கேதான் ஓட்டை விழுந்தது.

இன்னொரு சங்கடமான உண்மையும் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் குரோமடோகிராபி வரைபடங்களில் அடையாளம் தெரியாத முகடுகள் முன்பே தென்பட்டிருக்கின்றன. அவை என்ன என்று முறையாக விசாரிக்கவில்லை என 2018 நவம்பரில் எழுதிய கடிதத்தில் எஃப்.டி.ஏ சுட்டிக்காட்டியது. கரைப்பான் சோதனை வரைபடத்தில் ஒரு சின்ன மேடு. அதைக் கடந்து போய்விட்டார்கள்.

ரானிடிடின் கதை வேறு. அது ஏன்?

வால்சார்டனில் பிரச்சினை தயாரிப்பு முறையில். ரானிடிடினில் பிரச்சினை மூலக்கூறிலேயே இருக்கிறது.

ரானிடிடின் மூலக்கூறின் ஒரு முனையில் டைமெத்தில் அமீன் பகுதி இருக்கிறது. மறுமுனையில் நைட்ரோ பகுதி. என்.டி.எம்.ஏ உருவாகத் தேவையான இரண்டு சாமான்களும் ஒரே மூலக்கூறுக்குள். காலம் போகப் போக, வெப்பம் கூடக் கூட மருந்து மெல்லச் சிதைந்து என்.டி.எம்.ஏ-வாக மாறுகிறது. தொழிற்சாலையில் இருந்து சுத்தமாக வெளியேறிய மாத்திரைகூட அலமாரியில் இருக்கும்போது மாறலாம்.

இங்கே ஒரு ட்விஸ்ட். 2019-ல் வாலிஷ்யூர் என்ற அமெரிக்க ஆன்லைன் மருந்தகம் ஒரு ரானிடிடின் மாத்திரையில் 30 லட்சம் நானோகிராமுக்கும் மேல் என்.டி.எம்.ஏ இருப்பதாகச் சொன்னது. கேட்டவர்கள் ஆடிப்போனார்கள். ஆனால் அந்தச் சோதனை முறையில் மாதிரி 130 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப்பட்டது. அந்தச் சூட்டிலேயே ரானிடிடின் உடைந்து என்.டி.எம்.ஏ உருவாகிறது என்று எஃப்.டி.ஏ விளக்கியது. அதாவது, தேடிய பொருளைச் சோதனையே தயாரித்துவிட்டது!

பிறகு சூடாக்காத வேறு முறையில் எஃப்.டி.ஏ சோதித்தது. அளவு மிகவும் குறைவாகத்தான் வந்தது. ஆனால் சில மாத்திரைகளில் வரம்பைத் தாண்டியும் இருந்தது. சேமித்து வைக்கும்போது அளவு கூடுவதும் உறுதியானது. 2020 ஏப்ரல் 1-ம் தேதி ரானிடிடின் மருந்துகள் அனைத்தையும் அமெரிக்கச் சந்தையில் இருந்து விலக்கிக்கொள்ள எஃப்.டி.ஏ கேட்டுக்கொண்டது.

முதல் எண்ணிக்கை தவறு. எழுப்பிய எச்சரிக்கை சரி. சோதனை முடிவு ஒன்றைப் பார்த்ததும், "எந்த முறையில் சோதித்தார்கள்?" என்று கேட்பது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அடுத்தடுத்து சிக்கிய மருந்துகள்

ஒரு முறை தேட ஆரம்பித்ததும் நைட்ரசமீன் குடும்பத்தைச் சேர்ந்த மாசுகள் வேறு இடங்களிலும் கண்ணில் பட்டன. 2019-ல் லோசார்டன் என்ற இன்னொரு ரத்த அழுத்த மருந்தில் என்.எம்.பி.ஏ என்ற மாசு கண்டுபிடிக்கப்பட்டு, இந்தியாவில் தயாரான மருந்துகள் உட்பட பல திரும்பப் பெறப்பட்டன. 2020-ல் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினில், மெதுவாகக் கரையும் வகையைச் சேர்ந்த சில தயாரிப்புகளும் அமெரிக்காவில் சிக்கின.

மருந்துகள் திடீரென்று கெட்டுப்போனதால் இந்தப் பட்டியல் நீளவில்லை. தேட ஆரம்பித்ததால் நீண்டது.

இருமல் மருந்து மரணங்களும் இதே ரகமா?

இல்லை. இந்த வித்தியாசம் முக்கியம்.

2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அந்த மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது தெரியவந்தது.

டைஎத்திலீன் கிளைக்கால் விஷம் என்பது 1937-லேயே உலகத்துக்குத் தெரியும். அந்த ஆண்டு அமெரிக்காவில் அது கலந்த ஒரு மருந்தால் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைக் கண்டுபிடிக்கும் குரோமடோகிராபி சோதனையும் எல்லோருக்கும் தெரிந்தது. மண்டிக் கணக்கில் சொன்னால், இது 40 மூட்டையில் 19 மூட்டை விஷமாக இருந்த கதை. ஒரே ஒரு சோதனை செய்திருந்தால் போதும்.

வால்சார்டனில், என்ன தேடுவது என்று தெரியாமல் போனது. இருமல் மருந்தில், தெரிந்தும் தேடாமல் விட்டது. முதலாவதற்கு இன்னும் நல்ல அறிவியல் வேண்டும். இரண்டாவதற்கு இருக்கிற விதியை அமல்படுத்தினாலே போதும். இரண்டையும் "மருந்தில் கலப்படம்" என்று ஒரே வார்த்தையில் அடக்கினால் பொறுப்பு யாருடையது என்பது மறைந்துபோகும்.

உண்மையில் ஆபத்து எவ்வளவு?

எஃப்.டி.ஏ-வின் கணக்கு இது: மாசு கலந்த வால்சார்டனை அதிகபட்ச அளவான 320 மில்லிகிராம் வீதம் 8,000 பேர் 4 ஆண்டுகள் தினமும் சாப்பிட்டால், அவர்களின் வாழ்நாளில் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் வரக்கூடும்.

ரானிடிடின் விஷயத்தில், பல நாடுகளின் மருத்துவத் தரவுகளை வைத்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வில், அதே வகையைச் சேர்ந்த வேறு மருந்துகளைச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிடும்போது புற்றுநோய் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை.

புகையூட்டிய மீன், பதப்படுத்திய இறைச்சி, சிகரெட் புகை ஆகியவற்றிலும் நைட்ரசமீன்கள் உண்டு. ஆக, ஒரு மாத்திரை சாப்பிட்டதற்காகப் பதற வேண்டியதில்லை. ஆனால் ரத்த அழுத்த மாத்திரை ஒரு நாள், இரண்டு நாள் விஷயம் இல்லை. 20, 30 ஆண்டுகள் தினமும் சாப்பிடுவது. அதனால்தான் நானோகிராம் அளவுக்கும் கணக்குப் பார்க்கிறார்கள்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2019 செப்டம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை, வேதியியல் முறையில் தயாராகும் மருந்துகளில் நைட்ரசமீன் உருவாக வாய்ப்பு உண்டா என்று மறுபரிசீலனை செய்யும்படி நிறுவனங்களைக் கேட்டது. 2020 செப்டம்பரில் எஃப்.டி.ஏ தனி வழிகாட்டுதல் வெளியிட்டது.

கேள்வியே மாறிவிட்டது. முன்பு, "பவுடரில் என்ன இருக்கிறது?" என்று கடைசியில் சோதித்தார்கள். இப்போது, "இந்தக் கரைப்பானும் இந்த வேதிப்பொருளும் சந்தித்தால் என்ன வரும்?" என்று முதலிலேயே காகிதத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். பிறகு அந்தப் பொருளைக் குறிவைத்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இணைந்த நுட்பமான கருவியில் தேட வேண்டும்.

இந்தியாவில் 2022 செப்டம்பரில் வெளியான அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருந்து ரானிடிடின் நீக்கப்பட்டது. ஆனால் தடை செய்யப்படவில்லை. தொடர்ந்து விற்பனையில் இருப்பதால்தான் 2025-ல் கண்காணிப்பு பற்றிய அறிவுறுத்தல் வந்தது.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. நானோகிராம் அளவில் தேடும் கருவிகள் விலை அதிகம். இயக்கப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு இது முடியும். மாநில அளவிலான சின்னத் தயாரிப்பாளர்களும் அரசு ஆய்வகங்களும் இதை எப்படிச் சமாளிக்கும் என்பதில்தான், கடிதத்தில் உள்ள அறிவுறுத்தல் மாத்திரை வரை வந்து சேருமா என்பது இருக்கிறது.

மாத்திரை சாப்பிடுபவர்கள் என்ன செய்ய வேண்டும்?

* ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். 2018-லும் எஃப்.டி.ஏ இதைத்தான் சொன்னது: மாற்று மருந்து கையில் கிடைக்கும் வரை தொடருங்கள். திடீரென நிறுத்தினால் பக்கவாதம், மாரடைப்பு ஆபத்து உடனடியாகக் கூடும்.

* எல்லா ரத்த அழுத்த மருந்தும் ஒன்றல்ல. இந்தியாவில் அதிகம் பயன்படும் டெல்மிசார்டனில் டெட்ரசோல் வளையமே கிடையாது. அதனால் வால்சார்டன் தயாரிப்பில் வந்த அந்த அசைடு சிக்கல் இதில் எழுவதில்லை.

* ரானிடிடினை மாதக்கணக்கில் தொடர்ந்து சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் பேசுங்கள். ஃபாமோடிடின், ஒமெப்ரசோல் போன்ற மாற்றுகள் இருக்கின்றன. எஃப்.டி.ஏ சோதித்தபோது இவற்றில் என்.டி.எம்.ஏ இல்லை.

* மாத்திரைகளை வெயிலில் வைக்காதீர்கள். பைக் பெட்டி, கார் டேஷ்போர்டு, அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி ஆகியவை மருந்து வைக்கும் இடமல்ல. காலாவதியான அட்டையைத் தூக்கிப்போடுங்கள்.

* பில்லும் பேட்ச் எண்ணும் முக்கியம். மருந்து திரும்பப் பெறப்படும்போது பேட்ச் எண்ணை வைத்துத்தான் அறிவிப்பு வரும். அட்டையில் அந்த எண் இருக்கும் பக்கத்தைக் கடைசியாகக் கிழியுங்கள்.

ஒரு மருந்து "தரச் சோதனையில் தேறியது" என்றால், அதில் கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் சரியான பதில் கிடைத்தது என்று மட்டுமே அர்த்தம். வால்சார்டனில் 6 ஆண்டுகளாகக் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியின் விலையைத்தான் உலகம் இன்னும் செலுத்திக்கொண்டிருக்கிறது.